நிற்கும் தூரம்

சூம் தாண்டி ஒரு மணி நேரம்.
தண்டவாளத்தின் நடுவே ஒட்டகம்.

கானல் ஆட்டும் புள்ளி என்றுதான் முதலில் நினைத்தேன்.
புள்ளிக்குக் கால் முளைத்தது,
பிறகு கழுத்து.
எல் மாமி பிரேக்கை இழுத்தான்,
ஊதலை அழுத்தினான்.

அவ்வளவுதான் எங்கள் வேலை.
இனி நடப்பது
இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள பேச்சு.

பின்னால் இருநூறு பெட்டி.
மலையை உடைத்து அள்ளிய கறுப்பு மண்.
விடியலில் சுவெராத்தில்
அசையவே மாட்டேன் என்று குந்தியிருந்த அதே மண்
இப்போது
நிற்கவே மாட்டேன் என்கிறது.
குணம் மாறவில்லை,
யாரும் தன்னைத் தொடக் கூடாது அதற்கு,
அவ்வளவுதான்.

காற்றுக் குழாய் வழியே சேதி போகிறது: நில்.
முன்பெட்டிகள் கேட்டுவிட்டன.
கடைசிப் பெட்டிக்கு இன்னும் தெரியாது.
பழைய வேகத்திலேயே வந்து
முன்னதன் முதுகில் இடிக்கிறது.
அது அதற்கு முன்னதை.
தூரத்தில் பிறந்து எங்கள் இருக்கைக்கு அடியில் வந்து முடிகிறது
ஒரு நீளமான இடி.

நிற்க ஒன்றரை கிலோமீட்டர் வேண்டும்.
ஒட்டகம் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது.
கணக்கு இருவருக்கும் தெரியும்.
பேசவில்லை.

இந்த மூன்றரை நிமிடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்?
எல் மாமி தேநீர்க் குவளையைக் கையில் எடுத்தான்.
இரண்டாம் வார்ப்பு, நுரை இன்னும் இருந்தது.
குவளைக்குள் தேநீர்
ஒரு மயிரிழை முன்பக்கம் ஏறி நின்றது.
நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊருக்கு
அது மட்டும் இன்னும் போக விரும்பியது.

ஒட்டகம் எங்களைப் பார்த்தது.
அசைபோட்டது.
அதற்கும் ஒரு பிடிவாதம் உண்டு,
நிற்பவற்றின் பிடிவாதம்.
ஊதல் அலறுகிறது.
நான் கண்ணை மூடவில்லை, மூடியிருக்க வேண்டும் என்று
நினைத்தது மட்டும் ஞாபகம்.

பிறகு, எந்த அவசரமும் இல்லாமல்,
ஏதோ ஞாபகம் வந்ததுபோல,
அது இறங்கி மணலுக்குள் நடந்தது.

நாங்கள் நிற்கவில்லை.
அதாவது, நின்றுகொண்டே இருந்தோம்.
காரணம் போய்விட்டது;
நிற்பது மட்டும் தொடர்ந்தது.
ஒட்டகம் நின்ற இடத்தைக் கடந்து,
அதன் சாணத்தைக் கடந்து,
யாரும் இல்லாத, எதுவும் இல்லாத
ஒரு மணல்வெளியில் போய் நின்றோம்.

பின்னாலிருந்து ஆள் வந்தாள், நடந்தே.
கடைசிக்கு முந்திய பெட்டியில்
மண்ணின் மேல் ஆடுகளோடு பயணித்த மினெத்து.
நெற்றியில் கறுப்புத் தூள், முழங்கையில் ரத்தம்.
இரண்டு கிலோமீட்டர் கோபத்தைச் சுமந்து வந்திருந்தாள்.
"எதற்கு நின்றீர்கள்?"
எல் மாமி வெளியே கையைக் காட்டினான்.
அங்கே ஒன்றும் இல்லை.

சூமில் எல் மாமி இன்றும் இரண்டு ரொட்டி வாங்கினான்.
அவன் தம்பி போய் ஐந்து மாதம்.
இரண்டாவதை மினெத்துவிடம் கொடுத்தான்.
அவள் பாதியைத் தன் ஆட்டுக்குப் பிய்த்தாள்.

குழாயில் காற்று நிறைய அரை மணி.
பிறகு கிளப்ப வேண்டும்.
இருநூறையும் ஒரே இழுப்பில் இழுக்க
எந்த எஞ்சினாலும் ஆகாது.
முதல் பெட்டியை மட்டும் கேட்க வேண்டும், மெதுவாக.
அது அசைந்து கொக்கி இறுகியதும்
இரண்டாவதை அது கேட்கும்.
டங். டங். டங்.
சத்தம் எங்களை விட்டுப் பின்னால் ஓடியது,
சின்னதாகி, சின்னதாகி,
கடைசிப் பெட்டி புறப்பட்டபோது
நாங்கள் எப்போதோ புறப்பட்டிருந்தோம்.

நுவாதிபுவில் இரவு படுத்தேன்.
அறை அசையவில்லை, கட்டில் அசையவில்லை.
கடல்கூட அன்று சும்மா இருந்தது.
என் உடம்பு மட்டும்
விடியும் வரை ஓடிக்கொண்டிருந்தது,
தண்டவாளம் இல்லாமல்.