இருபது கிலோ

ஆலை வாசலில் ஏழு லோரி.
ஏழிலும் செம்பனைக் குலை.
எடைமேடைக் கிராணி நான். சன்னலுக்கு இந்தப் பக்கம்
சிவப்பு எண்கள் எரியும் பெட்டி,
ரசீதுப் புத்தகம், பேனா, ஒரு மைலோ டின்.

டின்னுக்குள் என் கைப்பேசி.
மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன்.
தீப்பெட்டியில் அடைத்த பொன்வண்டு மாதிரி
அவ்வப்போது உறுமும்.
பேங்க்காக இருக்கும், தங்கச்சியாக இருக்கும்,
யாரோ எதற்கோ சிரித்ததாகவும் இருக்கும்.

மார்ச்சில் ஒரு நாள் அது வெளியே கிடந்தது.
பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பதைப்
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது என்று எழுதினேன்.
முந்நூற்று அறுபது கிலோ
அஸ்மானின் லோரியிலிருந்து
என் பேனா முனையில் இறங்கிப்போனது.

அவன் ஏசவில்லை.
மறுநாள் ரசீதைச் சன்னலில் வைத்துவிட்டு
இஞ்சினை அணைக்காமல் நின்றான்,
அவ்வளவுதான்.
அன்றைக்கே டின்னைக் கழுவிக் காயவைத்தேன்.

இப்போது எண் நிற்கும்வரை காத்திருக்கிறேன்.
அது ஆடும். டிரைவர் இறங்கினால் குறையும்,
மழைத்தண்ணி தேங்கினால் ஏறும்.
நின்றதும் எழுதி, வாய்விட்டு ஒருமுறை படிப்பேன்.
பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

மூன்று மணி மழைக்கு லோரிகள் ஓய்ந்தன.
மேடை காலி.
ஆனாலும் பெட்டியில் சிவப்பாய்
இருபது.

எட்டிப் பார்த்தேன்.
காவல் கொட்டகைக் கறுப்பு நாய்,
குளிர்ந்த இரும்பில் விலா சாய்த்து.

டின் உறுமியது.
நாய் கொட்டாவி விட்டது.
எண் அசையவில்லை.

பேனா மூடியைத் திறந்தேன்.