நான்கு புதூர்கள்

நேற்றுவரை ஒவ்வொன்றாய்:
ஊரைத் தேடு, தலைப்பை மாற்று,
அளவுகோலை நகர்த்து, பிடிஎஃப், சேமி.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்.
பாதியிலேயே மணிக்கட்டு வீங்கிவிட்டது.

இன்று பதினெட்டு வரி ஸ்கிரிப்ட்.
சத்துவாச்சாரி வெயிலில்
கலெக்டர் ஆபீஸ் எதிரே
டீ குடித்துத் திரும்புவதற்குள்
பாலாறு ஏறக்கூடிய ஊரெல்லாம்
வடக்கு அம்புக்குறியோடு ஃபோல்டரில் நின்றன.

எண்ணிப் பார்த்தவர் சர்வேயர் முனிரத்தினம்.
"முந்நூத்தி ஒம்போதுதான் இருக்கு மேடம்."

பிழைச் செய்தி எதுவுமில்லை.
புதூர் என்று எழுதி
அதன்மேல் புதூர் என்று எழுதி
அதன்மேலும்
அதன்மேலும்.
மிஞ்சியது கடைசிப் புதூர்,
ஆற்றுக்கு வெகுதூரம், மேட்டில்,
நனையவே நனையாத ஊர்.

ஒரே வகுப்பில் நான்கு கோமதி இருந்தால்
இனிஷியல் போடுவோமே, அப்படி
பெயருக்கு முன்னால் கிராம எண்.
ஒரு வரிதான் திருத்தம்.
மூன்று புதூரும்
இடுப்பளவு நீலத்தோடு எழுந்து வந்தன.

முனிரத்தினம் ஒன்றைப் பெரிதாக்கச் சொன்னார்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.
"மச்சான் வூடு" என்றார்,
விரல் திரையில் படாமல்.
பிறகு பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனார்.