சுக்திதி சந்தையில்

வக்கீலுக்கு இரண்டு நாக்கு,
ஒன்று வாடகைக்கு என்று
இந்தச் சந்தையைச் சிரிக்க வைப்பவன் நான்தான்.
ஹேசல்நட் வியாபாரி.

மைத்துனன் தெமூரி மேல் தீவைப்பு வழக்கு வந்ததும்
நாதேலாவிடம் ஓடினேன்.
“அன்றிரவு என் கடையில்தான் இருந்தான்,
சாட்சி சொல்கிறேன்.”
பேனா மூடியைத் திருகியபடி கேட்டாள்:
“இருந்தானா?”

வெளியே கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்தது.
என்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை அவள்.

தெமூரிக்கு நான்கு வருடம்.
ஊர் சொல்கிறது:
ஒரு பொய் சொல்லத் துப்பில்லாதவளுக்கு
எதற்கு வக்கீல் பலகை?
நானும் சொல்கிறேன், கொஞ்சம் உரக்கவே.

நேற்று அரைக் கிலோ கேட்டு வந்தாள்.
தராசுத் தட்டில் வழக்கமாய் அழுந்தும் என் கட்டைவிரல்
போக்கிடம் தெரியாமல்
கோட்டுப் பைக்குள் புகுந்துகொண்டது.

சில்லறையை அவள் எண்ணவில்லை.