காலியிடம்: ஒன்று

ஐந்தாவது தடவையாக அதே விளம்பரத்தைத் தட்டச்சு செய்கிறேன்.
சமூகப் பணியாளர் தேவை. முழு நேரம்.
காலேத்தா லெங்கா நகராட்சி, சிலியின் தெற்குக் கோடி.
வீடு உண்டு. விறகு உண்டு.
போன முறை ‘அழகான கடற்கரை’ என்று சேர்த்திருந்தேன்.
மேயர் அம்மா அடித்துவிட்டார்:
மழையைப் பார்த்த பிறகு
நம்மைப் பொய்யர்கள் என்பார்களே.

சாந்தியாகோவில் என் தங்கை மகன் பெலிசாரியோ
இதே படிப்பு முடித்தவன்.
அரைநாள் வேலை ஒன்றுக்குப் போயிருக்கிறான்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
வரிசை மருந்துக்கடையைச் சுற்றி
தன் வாலைத் தானே தொட்டதாம்.
இவனுக்கு முன்னால் நின்றவள்
இவனுக்குப் பாடம் எடுத்தவள்.
இருவரும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டார்களாம்.
இப்போது தொலைபேசி நிறுவனத்தில்
கத்துகிறவர்களைச் சமாதானம் செய்கிறான்.
படிப்பு வீண் போகல மாமா, என்கிறான்.
இங்கே வாயேன் என்றால்
எத்தனை மணி நேரம் என்று கேட்கிறான்.
மணிக் கணக்கில்லையடா, நாள் கணக்கு.
சிரிக்கிறான்.
அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், வரமாட்டான்.

வந்தவர்கள் இல்லாமல் இல்லை.
முதலில் ஒரு பையன், பதினோரு வாரம்.
அவன் விட்டுப்போன ரப்பர் காலணி
எனக்கு அளவாக இருக்கிறது.
பிறகு ரொக்சானா.
ஒரு குளிர்காலம் முழுக்கத் தாங்கினாள்,
ஊர் நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
தால்காவில் அவள் அம்மா விழுந்துவிட்டாள் என்று தகவல் வந்தது,
அன்று மதியப் படகிலேயே போனாள்.
அவள் எழுதிய கடைசிக் கோப்பில் கடைசி வரி:
‘பையன் கதவைத் திறந்தான், ஆனால்’

அவ்வளவுதான்.

நான் குமாஸ்தா.
படகு டீசலுக்குக் கணக்கு எழுதுபவன்.
மூன்று நாள் பொறுத்து, நாலாம் நாள்
அந்த வீட்டுக்குப் போனேன்.
பையன் கதவைத் திறந்தான்.
எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.
அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
ரொட்டி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றான்.
கண்ணைப் பார்க்காமல் சொன்னான்,
அதற்கு என்ன அர்த்தம்?
படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
அவள் வரிக்குக் கீழே எழுதினேன்:
‘அடுப்பு சூடாக இருந்தது.’

இன்று ஒரு விண்ணப்பம்.
யஸ்னா குஸ்மானிச், வயது ஐம்பத்தொன்று.
சம்பளம் கேட்கவில்லை.
தொலைபேசியில் கேட்டது மூன்று:
பல் மருத்துவர் உண்டா?
இல்லை.
கோப்புகள் எத்தனை?
நூற்று அறுபத்து நான்கு.
எதிர்த் தீவில் தேவை எவ்வளவு?

மாகாண அலுவலகத்தின் அட்டவணையை எடுத்தேன்.
தலைநகர்: மிகை.
காலேத்தா லெங்கா: ஒன்று.
மெய்யாதா தீவு: பூஜ்யம்.

பூஜ்யம் என்று சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
வீடுகள்?
முப்பத்தொன்று.
அப்புறம் எப்படிப் பூஜ்யம்?
அங்கே பதவி உருவாக்கவில்லை அம்மா.
பதவி இல்லாத இடத்தில்
காலியிடம் எப்படி வரும்,
காலியிடம் இல்லாத இடத்தில் தேவை…
சொல்லும்போதே நாக்கு தடுக்கியது.
இத்தனை வருஷம் அந்தக் கட்டத்தை
நான்தான் நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மார்ச்சில் அந்தத் தீவிலிருந்து
ஒதிலியா எரிவாயு உருளை வாங்க வந்தாள்.
உதடு வீங்கியிருந்தது.
இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றாள்.
டீசல் ரசீதின் பின்பக்கம்
அவள் பேரும் தேதியும் குறித்துக்கொண்டேன்.
மேஜை இழுப்பறையில் இருக்கிறது இன்னும்.

யஸ்னா வியாழன் வருகிறாள்,
காற்று விட்டால்.
ரசீதைத் தேடி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.
விளம்பரத்தை எடுத்துவிடவா என்று மேயர் அம்மா கேட்டார்.
ஒரு குளிர்காலம் போகட்டும் என்றேன்.