இடது முட்டி

கடைசி ஆட்டம் முடிந்து பதினோரு நாள்.
வலையைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டாயிற்று.
ரேஸ்கோர்ஸ் திடலின் ஓரத்தில்
லைசென்ஸுக்குப் பழகுகிறவர்கள்
ஸ்கூட்டரில் எட்டுப் போடுகிறார்கள்.

நாலாவதாக வந்த எங்கள் வாலிபால் அணியை
கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனி வாங்கிவிட்டது.
மேலமாசி வீதியில் சாயப்பொடிக் கடைக்கு மேலே இருந்த ஆபீஸ்
கே.கே. நகர் ஏசிக்குப் போய்விட்டது.
செயலாளர் பன்சிதர் சாவிக்கொத்தை ஒப்படைத்தபோது
எது எந்தப் பூட்டுக்கு என்று சொல்லவில்லை.
அவர்களும் கேட்கவில்லை.

அவர் காலத்தில் ஒப்பந்தம் என்பது
கோடு போட்ட நோட்டில் ஒரு தொகை,
பக்கத்தில் ஒரு கையெழுத்து,
"தீபாவளிக்குள்ள தந்துர்றேன்ப்பா."
எந்தத் தீபாவளி என்று எழுதும் வழக்கமில்லை.

புது மேலாளர் தர்ஷனுக்கு இருபத்தொன்பது வயது.
பந்து எத்தனை கிராம் என்று தெரியும், தொட்டதில்லை.
அவன் திரையில்
பச்சைக் கட்டம் என்றால் வைத்துக்கொள்ள,
சிவப்பு என்றால் விட்டுவிட,
மஞ்சள் என்றால் யாராவது கேட்டால் கொடுக்க.
ஆனால் வந்த மூன்றாம் நாள்
இரண்டு வருடப் பாக்கியை ஒரே மதியத்தில்
எல்லார் கணக்கிலும் போட்டுவிட்டான்.
அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

உசிலம்பட்டி ஒச்சப்பன் மஞ்சள்.
சேலம் அவனைக் கேட்டது.
பதிலுக்கு நாகர்கோவில் ஜெர்வினும்
கூட நாலு லட்சமும்.

ஆறு வருடமாக அந்த இடது முட்டி என் கையில்தான்.
எழும்பும்போது ஒன்றும் இல்லை.
இறங்கும்போதுதான்,
சில்லுக்கு அடியில் உப்புக்கல் அரைபடுகிற மாதிரி ஒரு நெறநெறப்பு.
காதுக்குக் கேட்காது. என் உள்ளங்கைக்குக் கேட்கும்.
எக்ஸ்ரேயிலும் விழவில்லை.
அது இருப்பது எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும்,
மூன்றாவதாக அவன் பெண்டாட்டிக்கு,
இரவில் தலையணையை மடித்துக் காலுக்கு வைப்பவள்.

சேலத்து ஃபிசியோ எமர்சன் கூப்பிட்டான்.
என்னோடு படித்தவன், ஹாஸ்டலில் என் வாளியில் குளித்தவன்.
"சும்மா, நமக்குள்ள. இடது முட்டி எப்படி?"

அப்போது நான் மாட்டுத்தாவணியில்
பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.
ஊர்ப் பெயரே கூட்டுச் சேர்கிறது, நான் என்ன செய்ய.
துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து
விலை பேசிய இடமாம் இது.
துண்டு இல்லை இப்போது.
ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு
மறு காதில் போனை அழுத்தினேன்.
தேனி, தேனி, தேனி என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான்.

இருக்கிறதைச் சொன்னால்
மஞ்சள் சிவப்பாகும்.
மூன்று வருடச் சம்பளம், அவன் கட்டும் வீட்டின் கூரை.
இல்லை என்று சொன்னால்
நாளைக்கு எமர்சன் முகத்தில் எப்படி முழிப்பது.

"இறங்கறப்ப ரெண்டு காலையும்
சேத்து ஊனச் சொல்லு," என்றேன்,
"வேற ஒண்ணுமில்ல."

எமர்சன் பேசவில்லை.
அவன் பக்கத்தில் மின்விசிறி ஓடுவது கேட்டது.
"சரி," என்றான் கடைசியில்,
"ஐஸ் நிறைய வாங்கி வைக்கறேன்."

புதன்கிழமை கையெழுத்தானது.
ஒச்சப்பன் முட்டிப்பட்டையைக் கழற்றி
என் மேஜைமேல் வைத்துவிட்டு,
பிறகு நினைத்துக்கொண்டு, திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.
படியிறங்கும்போது
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்தான்.
நான் போனில் சொன்னது அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஜெர்வின் வந்தான்.
பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர்,
அவனுக்கு எல்லாமே விரல்தான்.
மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன்.
வலது மோதிர விரல் பாதியில் நின்றது.
"அதுக்கு மேல வராதுண்ணே,"
சிரித்தான்.

எமர்சனிடம் இவனைப் பற்றி
நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

தர்ஷன் அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டம்:
தகுதி உண்டு, தகுதி இல்லை.
பேனா எழுதவில்லை.
உதறினேன்.