பதினாலாம் வரி

என்னிடம் பதின்மூன்று கியூ இருக்கு என்று
கிளிநொச்சியில் சொன்னால்,
எதற்குக் கியூ, மண்ணெண்ணெய்க்கா என்பார்கள்.
பூல் மேசையில் பந்தை இடிக்கிற கோல் என்று விளக்கிவிட்டு
விலையைச் சொல்லாமல் வந்துவிடுவேன்.

திருவையாற்றில் ஒரு வீடு, வயரிங் வேலை.
அலுமாரிக்குப் பின்னால் போன வயரைத் தேடி ஏறியபோது
கையில் பட்டது:
யூரியா உரைப்பையில் சுற்றி, றபர் வளையம் போட்டு,
கனத்த அடிப்பாதி மட்டும்.
கருங்காலி. எங்கள் காடுகளில் நிற்கிற சாதி,
இது எந்தக் காடோ.
அதற்குள் நாலு வெளிர்மரக் கூர், மயிர் நுழையாத பொருத்து,
கூருக்கொரு சிப்பிக் கண்.
நூல் சுற்றிய பிடியில் ஒருவருடைய வியர்வை
இறங்கிக் கறுத்திருந்தது.
அடியில் கையால் வெட்டின இரண்டு எழுத்து.
செய்தவனுடையதா, வைத்திருந்தவனுடையதா?
ஏணியில் நின்றபடி எனக்கு ஒரு தரம் பியூஸ் போனது.

"அண்ணா கப்பலிலை இருந்து கொண்டந்தது,"
என்றா திலகேஸ்வரி அக்கா.
"எண்பத்தொண்டு. அமெரிக்காவிலை ஏதோ துறைமுகம்.
வாங்கினதெண்டு அம்மாவுக்குச் சொன்னவர்.
வெண்டதெண்டு எனக்கு."

மற்றப் பாதி?

கதவைக் காட்டினா.
இரண்டு கொளுக்கிக்குள் குறுக்காகக் கிடந்தது
தேன் நிறத்து மேப்பிள்,
நுனித்தோல்கூடக் கழராமல்.

தறப்பாளுக்கு நடுக்கம்பாய் ஏழு மாதம் நின்றதாம்.
பிறகு முருங்கைக்காய் தட்டியதாம். பிறகு கதவு.
டெஸ்ரருக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும்
கண்ணாடித் துண்டை எடுத்துத் தரையில் வைத்து உருட்டினேன்.
வளைந்த கோலென்றால் அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும்.
தெரியவில்லை.
நம்பாமல் இன்னொரு தரம் உருட்டினேன்.

"மொத்தத்தைக் கொண்டுபோங்கோ தம்பி, அது சும்மா கிடக்குது.
மெல்லிசு தரேலாது.
ராவிலை கதவுக்கு என்னத்தைப் போடுறது?"

சேர்க்கிறவனுக்குத் தெரியும்,
பாதிக்குப் பாதி விலை கிடையாது.
அன்றிரவு முழுக்க மெல்லிசோடுதான் புரண்டேன்.

அடுத்த நாள் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றோடு போனேன்.
எட்டு ஸ்குரூ. நானே துளைத்துப் பூட்டினேன்.
அக்கா உள்ளே நின்று போட்டா,
நான் வெளியே நின்று தள்ளினேன்.
தோளால் தள்ளச் சொன்னா. தள்ளினேன்.
"இன்னும் பலமா."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல்
உள்ளேயே நின்றா.
"சரி. ஒருக்கா விளையாடிப் பாத்திட்டுத் தாறன்."

கரடிப்போக்குச் சந்தியில் இம்மானுவேலின் கடை,
மத்தியானம், ஆளில்லை.
இரண்டு பாதியையும் திருகினேன்.
கடைசிப் புரியில் ஒரு சின்னக் கிறீச்,
பிறகு ஒரே மரம்.
பக்கத்துக் கடைத் தராசு கிராமில் சொன்னதை
மனதுக்குள் அவுன்ஸாக்கிக்கொண்டிருந்தேன்.
அக்கா செருப்பைக் கழற்றினா.
இடக்கையை மேசையில் விரித்து
சுட்டுவிரலை வளையமாக்கி
அதற்குள் கோலை விட்டுச் சாய்ந்தா.
அது தற்செயலாக வருகிற பிடி இல்லை.

"சாப்பாட்டு மேசை, தேசிக்காய்,"
தலையை நிமிர்த்தாமல் சொன்னா.
"பத்து நாள் லீவு அவருக்கு. பத்து நாளும் மழை."

ஆறாம் நம்பர் மூலையில் விழுந்த சத்தத்துக்கு
வாய்ப்பன் பொரித்த பெடியன் எட்டிப் பார்த்தான்.
பிறகு ஏழு.
எட்டைத் தவறவிட்டு
எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னா.

நான் விலை பேசவில்லை.
ஓட்டோவில் கோல் அக்காவின் மடியில்,
கழற்றாமல், நுனி வெளியே நீட்டிக்கொண்டு,
பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஏசிக்கொண்டு.

படலையடியில் இறங்கித் தாழ்ப்பாள் காசு
எண்ணூற்றைம்பது எண்ணித் தந்தா.
"ஸ்குரூவுக்குத் தனிய எவ்வளவு?"

என் கொப்பியில் பதினாலாம் வரி:
கருங்காலி, மேப்பிள். பத்தொன்பது அவுன்ஸ். நேர்.
இருக்குமிடம், திருவையாறு.