எடைமேடைக் கணக்கு

லாபிஸ் செம்பனை ஆலையில்
எனக்கு இரவு வேலை, எடைமேடையில்.
குலையோடு லாரி ஏறினால் மொத்த எடை.
கொட்டிவிட்டுத் திரும்பினால் வெற்று எடை.
கழித்து வருவதற்குத்தான் காசு.

இரண்டு லாரிக்கு நடுவே
பாழான ரசீதொன்றின் முதுகில்
வேறொரு கழித்தல்:
இயற்கை வள மேலாண்மை, இளங்கலைப் பட்டம்.

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரி.
பருவத்துக்கு ஏழாயிரத்து நூறு வெள்ளி.
கையேட்டின் அட்டையில்
மஞ்சள் தலைக்கவசம் போட்ட பெண்
அருவியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
பாடப் பட்டியலை வரிவரியாகப் படித்தேன்.
மூன்று வருஷத்தில் காட்டுக்குள் போவது
நான்கே நாள்.

கடல் தாண்டி சபாவில் அரசுப் பல்கலைக்கழகம்.
கட்டணம் அதில் ஐந்தில் ஒரு பங்கு.
ஆனால் விமானம், விடுதி, சாப்பாடு,
முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி.
பூட்ஸ் என்னிடம் இருக்கிறது.
நாற்பத்தைந்து வெள்ளியைக் கழித்தேன்.

"படிச்சிட்டு என்ன செய்வே, மரம் எண்ணுவியா?"
லாரிக்காரர் செபஸ்தியான் கேட்டார்.
"நான் சும்மாவே எண்ணித் தரேன் லா.
ஏக்கருக்கு அம்பத்தஞ்சு."
சரியான கணக்குத்தான்.
ஐம்பத்தைந்தும் நிற்கும் இடத்தில்
முன்னால் என்னென்ன நின்றன என்பதை
யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

போன மார்ச்சில்
சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
ஆலைக்குப் பின்னால் ஆறாவது கழிவுக்குளத்தில் குனிந்து
குப்பியில் தண்ணீர் மொண்டாள்.
மூடியில் தேதி எழுதினாள்.
கேட்டில் அவள் கையெழுத்தை வாங்கியவள் நான்.
அன்று எங்கள் மேனேஜர்
தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.
ஆசை அங்கே பிடித்தது என்று சொன்னால்
சிரிப்பார்கள்.
யாரிடமும் சொல்லவில்லை.

சபாவில் படித்து முடித்த மூவருக்குப் போன் போட்டேன்.
ஃபெலிசியா ஆற்றங்கரையில் கன்று நடுகிறாள்,
சம்பளம் சுமார், அட்டைக்கடி ஏராளம் என்றாள்.
ஒருவன் காப்புறுதி விற்கிறான்.
எனக்கும் ஒன்று விற்கப் பார்த்தான்.
மூன்றாமவன் எடுக்கவில்லை.
மூன்றுக்கு ஒன்று.
நூறு கிலோ குலைக்கு
இருபது கிலோ எண்ணெய் பிழியும் இடத்தில்
உட்கார்ந்திருப்பவளுக்கு
அது மோசமான விகிதமில்லை.

அம்மா தன் சேமநிதி அறிக்கையை அச்செடுத்து
குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள்.
பத்தொன்பது வருஷம்
முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து
மரத்தடியில் முளைத்ததையெல்லாம் கருக்கிச் சேர்த்தது.
அந்தப் பணத்தில்
நான் புல்லின் பெயர்களைப் படிக்கப் போகிறேன்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
கூட்டலிலா கழித்தலிலா,
தெரியாமல் ஒரு வரி காலியாக விட்டேன்.

விடிகிற நேர அவசரத்தில்
செபஸ்தியானின் ரசீதோடு
என் தாளும் போய்விட்டது.

மறுநாள் இரவு கண்ணாடிக்கு அடியில் நீட்டினார்,
கட்டைவிரல் எண்ணெய்க் கறையோடு.
காலி வரியில் பென்சில் எழுத்து:
"கூட்டல் தப்பு. முன்னூறு வெள்ளி கூட வரும்.
ஜொகூரிலிருந்து ஏறினால் டிக்கெட் மலிவு."

திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.
தப்புத்தான்.

விண்ணப்பம் முடிவது வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து.
அது நான் தூங்குகிற நேரம்.
மூன்றரைக்கு அலாரம் வைத்தேன்.
லாரி ஹாரன் அடித்தது.
மொத்த எடை, பன்னிரண்டு டன் நானூற்றுப் பத்து.